பேரம் பேசிய குளிர்காலம்



விளையாட்டைப் பற்றி நான் இதுவரை எழுதியதில்லை. நம் பள்ளித் திடலில் காற்பந்தும் பூப்பந்தும் ஆடுகிறார்கள். அவற்றைப் பற்றியே எனக்கு அதிகம் தெரியாது. இந்நிலையில் பேஸ்பால் என்னும் அமெரிக்க ஆட்டத்தைப் பற்றி எழுத இவருக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். தகுதி ஒன்றும் இல்லை. ஆயினும் வகுப்புப் பெயர்ப்பட்டியல் என் மேசைக்கு வரும்போதெல்லாம் அந்த ஆட்டம் நினைவுக்கு வருகிறது. ஏன் என்பதைச் சொல்லத்தான் இக்கட்டுரை.

2019ஆம் ஆண்டு டிசம்பர்ப் பள்ளி விடுமுறையில் பாஸ்டனில் இருக்கும் என் தம்பி வீட்டிற்குச் சென்றிருந்தேன். தம்பி மகனுக்கு அப்போது பதினொரு வயது. பேஸ்பால் என்றால் உயிர். அத்தையை ஓர் ஆட்டத்திற்கு அழைத்துச் செல்வான் என்று எதிர்பார்த்துப் போனேன். போன பிறகுதான் தெரிந்தது, குளிர்காலத்தில் ஆட்டமே கிடையாது. மார்ச் இறுதியில் தொடங்கி ஒவ்வோர் அணியும் 162 ஆட்டங்கள் ஆடி, அக்டோபர் கடைசியில் உலக வாகையர் யார் என்று முடிவானதும் திடல்களைப் பூட்டிவிடுவார்கள். பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியின் ஃபென்வே பார்க் திடல் பனி மூடிக் கிடந்தது.

ஆட்டம்தான் இல்லையே தவிர, ஆட்டத்தைப் பற்றிய பேச்சு ஓயவில்லை. காலை உணவில் தொடங்கி, பனியை வாரிக் கொட்டும்போதும் கடையில் வரிசையில் நிற்கும்போதும் அதே பேச்சு. யாரை விற்கலாம், யாரை வாங்கலாம், யாரைக் கொடுத்து யாரைப் பெறலாம் என்று ஊரே பேரம் பேசிக்கொண்டிருந்தது. இதற்கு அங்கே 'சூடான அடுப்பு' என்று பொருள்படும் ஒரு பெயரே உண்டு. முற்காலத்தில் சிற்றூர் மளிகைக்கடைகளில் கணப்படுப்பைச் சுற்றி அமர்ந்து ஆண்கள் குளிர்காலம் முழுவதும் பேஸ்பால் பேசுவார்களாம். அடுப்பு போய்விட்டது, பேச்சு மட்டும் நிற்கவில்லை. நம்மூர் மாமாக்கள் தேநீர்க்கடையில் அமர்ந்து தேர்தலுக்கு முன்பே அமைச்சரவையை அமைத்துவிடுவார்கள் அல்லவா, அதைப் போன்றதுதான்.

அந்தக் குளிர்காலத்தின் பேச்சுக்கெல்லாம் நடுநாயகமாக இருந்தவர் மூக்கி பெட்ஸ் என்ற ஆட்டக்காரர். 2011இல் ரெட் சாக்ஸ் அணியே இளம் வயதில் தேர்ந்தெடுத்து வளர்த்த பிள்ளை. உயரம் ஐந்தடி ஒன்பது அங்குலம்தான். ஆனால் 2018இல் அமெரிக்கன் லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்குத்தான். அவ்வாண்டு உலக வாகையும் ரெட் சாக்ஸ் அணிக்குத்தான். அப்படிப்பட்டவரை ஏன் விற்க வேண்டும்? எனக்குப் புரியவில்லை. தம்பி மகன் ஒரு தாளை எடுத்துக் கோடு போட்டு எனக்குப் பாடம் நடத்தினான். அவன் ஆங்கிலத்தில் சொன்னதை நான் தமிழில் தருகிறேன்.

ஆட்டக்காரர் ஒருவர் உயர்நிலை அணியில் ஆறு ஆண்டுகள் பணியாற்றி முடித்தால், விரும்பிய அணியுடன் ஒப்பந்தம் செய்துகொள்ளும் உரிமை அவருக்கு வந்துவிடும். பெட்ஸுக்கு அந்த உரிமை 2020 பருவத்தின் முடிவில் வரவிருந்தது. நீண்டகால ஒப்பந்தம் ஒன்றும் கையெழுத்தாகவில்லை. அவர் விலகிப் போனால் அணிக்கு மிஞ்சுவது, புதிய இளைஞர் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு மட்டுமே. இது முதல் சிக்கல். இரண்டாவது, வரி. ஓர் அணி தன் ஆட்டக்காரர்களின் சம்பளத்திற்குச் செலவிடும் தொகை குறிப்பிட்ட எல்லையைத் தாண்டினால் லீக்கிற்கு வரி செலுத்த வேண்டும். 2020க்கான எல்லை 208 மில்லியன் டாலர். முதன்முறை தாண்டினால் தாண்டிய தொகையில் 20 விழுக்காடு, அடுத்த ஆண்டும் தாண்டினால் 30, மூன்றாம் ஆண்டும் தொடர்ந்தால் 50 விழுக்காடு. ரெட் சாக்ஸ் 2018இலும் 2019இலும் தாண்டிவிட்டது.

"ஆகவே இப்போதே பெட்ஸை வேறு அணிக்குக் கொடுத்து, மாற்றாக நல்ல இளைஞர்கள் இரண்டு மூன்று பேரை வாங்கிக்கொள்ள வேண்டும். கூடவே டேவிட் பிரைஸையும் சேர்த்து அனுப்பிவிட வேண்டும்," என்றான். பிரைஸ் மூத்த பந்து வீச்சாளர். அவருக்கு இன்னும் மூன்று ஆண்டுகளுக்கு 96 மில்லியன் டாலர் கொடுக்க வேண்டியிருந்தது. சந்தையில் நல்ல மாம்பழத்தோடு சற்று அடிபட்ட பழத்தையும் சேர்த்துத் தள்ளிவிடுவார்களே, அந்தத் தந்திரம்!

உண்மையைச் சொல்கிறேன். ஓர் ஆசிரியராக நான் வியந்துபோனேன். ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு விவாதக் கட்டுரை கற்றுத்தர நான் படும் பாடு உங்களுக்குத் தெரியும். 'கருத்தைச் சொல், சான்று கொடு, மறுப்பாரின் கருத்தையும் எண்ணிப் பார்' என்று தொண்டை வறளக் கத்துகிறோம். இங்கே ஒருவன், யாரும் கற்றுத்தராமலே, விழுக்காட்டுக் கணக்கும் காரண காரியமும் வைத்துப் பேசுகிறான். "பெட்ஸைப் போன்றவர் மீண்டும் கிடைப்பாரா?" என்று என் தம்பி மடக்கினால், "கிடைக்க மாட்டார். ஆனால் அடுத்த ஆண்டு அவர் தாமாகவே போய்விட்டால் அப்போதும் கிடைக்க மாட்டார்தானே?" என்று திருப்பிக் கேட்கிறான். நான் மனத்துக்குள் அவனுக்கு முழு மதிப்பெண் போட்டுவிட்டேன்.

அவன் கருத்தை ஏற்காதவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். பணி ஓய்வு பெற்றவர். நான் பனியைப் பார்த்து மலைத்து வாசலில் நின்றபோதெல்லாம் நின்று பேசுவார். பெட்ஸ் பற்றிக் கேட்டதும், "அம்மா, சரியாக நூறு ஆண்டுகளுக்கு முன் இதே டிசம்பரில்தான் எங்கள் ஊர் இந்தத் தவற்றைச் செய்தது," என்றார். 1919 டிசம்பர் 26 அன்று, பேப் ரூத் என்ற இளைஞரை ரெட் சாக்ஸ் உரிமையாளர் ஹாரி ஃப்ரேஸி ஒரு லட்சம் டாலருக்கு நியூயார்க் யாங்கீஸ் அணிக்கு விற்றார். ரூத் பின்னர் அந்த ஆட்டத்தின் மாபெரும் பெயராக விளங்கினார். 1918இல் உலக வாகை சூடிய ரெட் சாக்ஸ், அடுத்த வாகைக்கு 2004 வரை காத்திருந்தது. 86 ஆண்டுகள்! அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதை என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். இங்கே அரசனும் வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் இன்னொன்றும் சொன்னார். ஐம்பது ஆண்டுகளுக்கு முன், 1969இல், செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியில் 12 பருவங்கள் ஆடிய கர்ட் ஃபிளட் என்பவரை ஃபிலடெல்பியா அணிக்கு மாற்றினார்கள். அக்காலத்தில் ஆட்டக்காரருக்கு மறுக்கும் உரிமை கிடையாது. மாற்றினால் போக வேண்டும், இல்லையேல் ஆட்டத்தையே விட வேண்டும். ஃபிளட் போக மறுத்தார். வாங்கவும் விற்கவும் தாம் ஓர் உடைமை அல்லர் என்று அவ்வாண்டு டிசம்பரில் லீக்கின் ஆணையருக்குக் கடிதம் எழுதினார். உச்ச நீதிமன்றம் வரை சென்ற அவ்வழக்கில் 1972இல் தோற்றார். ஆனால் அவர் தட்டிய கதவு பின்னர்த் திறந்தது. பத்தாண்டு அனுபவமும், அவற்றில் கடைசி ஐந்தாண்டு ஒரே அணியிலும் இருந்தவரை அவர் இசைவின்றி மாற்றக்கூடாது என்ற விதி 1973இல் வந்தது. ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர் விரும்பிய அணிக்குச் செல்லும் உரிமை 1975இல் ஒரு நடுவர் வழங்கிய தீர்ப்பால் பிறந்தது.

"பெட்ஸுக்கு அந்தப் பத்தாண்டு விதி பொருந்துமா?" என்று கேட்டேன். பொருந்தாது என்றார். அவர் 2014இல்தான் உயர்நிலை அணிக்கு வந்தவர்.

நான் நாடு திரும்புவதற்கு முந்தைய நாள் தம்பி மகன் என்னை ஃபென்வே பார்க்கிற்கு அழைத்துச் சென்றான். 1912இல் திறக்கப்பட்ட பழைய திடல். பூட்டிய வாயில்களைச் சுற்றி நடந்தோம். குளிர் எலும்பைத் துளைத்தது. அவன் கம்பளிச் சட்டையின் மேல் ரெட் சாக்ஸ் சட்டை ஒன்றை மாட்டியிருந்தான். முதுகில் 50 என்ற எண். "இது யாருடைய எண்?" என்றேன். "பெட்ஸ்," என்றான், இதுகூடத் தெரியாதா என்பதைப் போல. அவரை விற்கச் சொல்லும் இவன் எதற்கு அவர் சட்டையை அணிந்திருக்கிறான் என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

2020 பிப்ரவரி 8, தைப்பூசம். கோயிலிலிருந்து திரும்பிக் கால் கழுவிக்கொண்டிருந்தபோது பாஸ்டனிலிருந்து அழைப்பு வந்தது. அங்கே வெள்ளிக்கிழமை இரவு. திரையில் தம்பி மகனின் முகம் வீங்கியிருந்தது. அந்த வாரம் பெட்ஸும் பிரைஸும் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணிக்கு மாற்றப்படுவதாகச் செய்தி வந்திருந்தது. மின்னசோட்டா அணியும் சேர்ந்த மும்முனைப் பேரம் அது. மாற்றாக வரவிருந்த இளம் பந்து வீச்சாளர் ஒருவரின் மருத்துவ அறிக்கையைப் பார்த்து ரெட் சாக்ஸ் தயங்கியதால், பேரம் பாதியில் நின்றிருந்தது.

"அத்தை, இன்னிக்குக் கோயிலுக்குப் போனீங்களா?" என்று தமிழில் கேட்டான். தமிழில் பேசச் சொன்னால் முகம் சுளிப்பவன்.

"போனேன், ஐயா."

"பெட்ஸ் போகக்கூடாதுன்னு சாமிகிட்ட வேண்டிக்குங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. "நீதானே அவரை அனுப்பிவிட வேண்டும் என்று கணக்குப் போட்டாய்?" என்றேன்.

அவன் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அது சும்மா பேச்சு, அத்தை. இது நெஜம்," என்றான்.

இரண்டு நாளில் பேரம் வேறு வடிவில் முடிந்துவிட்டது. அலெக்ஸ் வெர்டுகோ, ஜீட்டர் டவுன்ஸ், கானர் வாங் என்ற மூவர் பாஸ்டனுக்கு வந்தனர். பெட்ஸ் போய்விட்டார்.

அந்த ஒரு வாக்கியம் அன்று முழுவதும் என்னை விடவில்லை. காரணம் இதுதான்.

2009 நவம்பர். தலைமையாசிரியர் அறையில் நானும் சக ஆசிரியர் ஒருவரும் அமர்ந்திருந்தோம். மறுஆண்டின் ஆறாம் ஆண்டு வகுப்புகள் இரண்டுக்கும் மாணவர்களைப் பிரிக்க வேண்டும். நடுவே பெயர்ப்பட்டியல். அக்காலத்தில் யூ.பி.எஸ்.ஆர். தேர்வின் முடிவுதான் பள்ளியின் முகம். (அத்தேர்வு 2021இல் அகற்றப்பட்டது.) இன்னும் கொஞ்சம் தள்ளினால் 'ஏ' பெறக்கூடிய இரண்டு பிள்ளைகள் மற்றவரின் பட்டியலில் இருந்தனர். என் பட்டியலில் ஒரு மாணவன் இருந்தான். நான்காம் ஆண்டில் எழுத்துக்கூட்டிப் படிக்கவும் தெரியாமல் என்னிடம் வந்தவன். ஈராண்டில் வாசிக்கக் கற்றுக்கொண்டான். ஆனால் கட்டுரை எழுத வராது. அடிக்கடி பள்ளிக்கும் வரமாட்டான். "இவனை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், அந்த இருவரையும் எனக்குத் தாருங்கள்," என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அவரும் சிரித்தார். ஒருவனைக் கொடுத்து இருவரை வாங்கிய கெட்டிக்காரத்தனத்தில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

ஜனவரியில் பள்ளி திறந்த முதல் நாள். நான் வகுப்புக்குள் நுழைந்தபோது அவன் வழக்கம்போல வெண்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஈராண்டுகளாக, பள்ளிக்கு வரும் நாளெல்லாம் அதை அவன்தான் செய்வான். யாரும் சொல்லாமல் அவனே எடுத்துக்கொண்ட வேலை. "உன் பெயர் பக்கத்து வகுப்பில் இருக்கிறதப்பா," என்றேன். துடைப்பானைக் கீழே வைத்தான். பையை எடுத்துத் தோளில் மாட்டினான். வாசல் வரை போய்த் திரும்பி, "டீச்சர், இனிமே பலகைய யாரு துடைப்பா?" என்று கேட்டான்.

"யாராவது துடைப்பார்கள். நீ போ," என்றேன். மணி அடித்துவிட்டது, எனக்கு அவசரம்.

அவ்வாண்டு என் வகுப்பின் தேர்ச்சி உயர்ந்தது. பக்கத்து வகுப்பில் அவனும் தமிழில் தேர்ச்சி பெற்றான். அந்த ஆசிரியர் நல்லவர். கணக்கில் யாருக்கும் நட்டமில்லை. ஆகவே பத்தாண்டுகள் நான் அதை நினைத்துப் பார்க்கவே இல்லை. 'அது சும்மா பேச்சு. இது நெஜம்' என்று ஒரு சிறுவன் சொன்ன பிறகுதான், அந்த நவம்பர் மாதப் பேச்சுக்கு எதிரே ஒரு ஜனவரி மாதக் காலை இருந்தது என்பது எனக்கு உறைத்தது. என் பட்டியலில் அவன் ஒரு கழித்தல் குறி. அவனுக்கோ அந்த வகுப்பறையில் ஒரு பொறுப்பு இருந்தது. அவன் கேட்டது அதைப் பற்றித்தான். நான் அவனுக்கு விடை சொல்லவில்லை.

விளையாட்டு ரசிகர்களை நான் குறை கூற வரவில்லை. சொல்லப்போனால் அவர்கள்தாம் குற்றமற்றவர்கள். பனிக்காலத்தில் பத்துப் பேர் கூடி, இவரைக் கொடு, அவரை வாங்கு என்று பேசினால் ஓர் ஆட்டக்காரர்கூட இடம் மாறமாட்டார். அது அன்பின் இன்னொரு பேச்சுமொழி. அன்பில்லாதவன் ஆட்டமில்லாத மாதத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பானா? தம்பி மகன் அந்தச் சட்டையை ஏன் அணிந்திருந்தான் என்பது எனக்கு இப்போது புரிகிறது. ஆனால் ஆசிரியரின் பேச்சு அப்படிப்பட்டதன்று. நாம் வேடிக்கையாகச் சொன்னாலும் ஒரு பிள்ளை நகர்ந்துவிடும். ரசிகனின் நாக்கை வைத்துக்கொண்டு உரிமையாளரின் நாற்காலியில் அமர்ந்திருந்தேன். அதுவே என் பிழை.

மாற்றவே கூடாது என்றும் நான் சொல்லவில்லை. இரண்டு வகுப்பு என்றால் பெயர்களைப் பிரித்துத்தான் ஆக வேண்டும். மாற்றத்தின் விளைவும் எளிதில் தெரிவதில்லை. பெட்ஸ் கதையையே பாருங்கள். 2020 ஜூலையில் அவர் டாட்ஜர்ஸ் அணியுடன் 12 ஆண்டுகளுக்கு 365 மில்லியன் டாலர் ஒப்பந்தம் செய்தார். கொரோனா தொற்றால் 60 ஆட்டங்களாகச் சுருங்கிய அப்பருவத்தில் டாட்ஜர்ஸ் உலக வாகை சூடியது. ரெட் சாக்ஸ் தன் பிரிவில் கடைசி இடம். ஆனால் அடுத்த ஆண்டே, 2021இல், ரெட் சாக்ஸ் இறுதிச் சுற்றுக்கு ஒரு படி கீழே வரை வந்தது. பிறகு டவுன்ஸை 2022 டிசம்பரில் விட்டுவிட்டார்கள். வெர்டுகோ 2023 டிசம்பரில் யாங்கீஸ் அணிக்கே போனார். பெட்ஸ் 2024இலும் 2025இலும் மீண்டும் வாகை சூடினார். பக்கத்து வீட்டுப் பெரியவரும் என் தம்பியும் இன்றும் இதைப் பேசித் தீர்த்தபாடில்லையாம். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது என்பார்கள். நம் தொழிலும் உழவு போன்றதுதான். கணக்கு ஒருபோதும் நேராகாது. ஆகவே கணக்கு சரியா தவறா என்பதை விட்டுவிடுகிறேன். போகிறவரிடம் நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பது மட்டும் நம் கையில் இருக்கிறது.

அந்தத் தைப்பூசத்திற்குப் பிறகு நான் சில வழக்கங்களை ஏற்படுத்திக்கொண்டேன். வகுப்பு மாறும் மாணவரிடம் முன்கூட்டியே நானே சொல்லிவிடுகிறேன். பட்டியலைப் பார்த்துத் தெரிந்துகொள்ள விடுவதில்லை. ஏன் என்று கேட்டால், அந்த வயதுக்குப் புரியும் சொற்களில் உண்மையான காரணத்தைச் சொல்கிறேன். முதல் நாள் புதிய வகுப்பு வரை உடன் நடந்து செல்கிறேன். அங்குள்ள ஆசிரியரிடம் மதிப்பெண்ணைச் சொல்வதற்கு முன், அந்தப் பிள்ளை எதை நன்றாகச் செய்யும் என்பதைப் பிள்ளையின் காதில் விழும்படி சொல்கிறேன். 'இவள் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற மறக்கமாட்டாள்', 'இவன் சிறிய பிள்ளைகளைச் சிற்றுண்டிச் சாலைக்கு அழைத்துப் போவான்' என்று ஒரு வரி. பெரிய வேலை ஒன்றுமில்லை, ஐந்து நிமிடம்.

பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்க்கலாம், எங்கே மாற்றலாம் என்று நீங்கள் பேசத்தான் வேண்டும். ஆனால் கூடத்தில் அமர்ந்து, பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணோடு ஒப்பிட்டுப் பேசும்போது, பேசப்படும் ஆள் அறைக்குள்தான் படுத்திருக்கிறார் என்பதை நினைவில் கொள்ளுங்கள். நமக்கு அது வெறும் பேச்சு. அவர்கள் அதை நிஜமாகவே கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

பலகை துடைத்த மாணவன் இப்போது எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. இருபத்தைந்து வயதைத் தாண்டியிருப்பான். அவன் கேட்ட கேள்விக்கு இப்போதாவது விடை சொல்லிவிடுகிறேன். அந்த ஆண்டு முழுவதும் யாரும் துடைக்கவில்லை, தம்பி. காலையில் வந்து நானேதான் துடைத்தேன்.